கழற்றும் முன் சோதியுங்கள்

அடி அண்ணாமலைப் பக்கத்து டாக்சிகளுக்கு இரண்டு விதமான ஓட்டம் உண்டு. மலை சுற்றும் பாதையில் நடப்பவர்களுக்கு வழிவிட்டு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க நின்று, மறுபடி ஊர்வது ஒன்று. செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை விமான நிலையத்துக்கு விரைந்து, ரமணாசிரமம் பக்கம் தங்க வரும் வெளிநாட்டுப் பயணியை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்புவது இன்னொன்று. இப்படி ஓடும் வண்டியில் ஒருநாள் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். வண்டி நிற்காது. மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கும். நின்று கிளம்பும்போது பிக்கப் சற்றுத் தயங்கும். ஷெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0133 என்ற எரர் கோட் வரும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் சிக்னல், மாற வேண்டிய வேகத்தில் மாறவில்லை என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். ஏன் மாறவில்லை என்று அது சொல்வதில்லை. ஆனால் பல ஷெட்களில் அன்றைக்கே சென்சாரைக் கழற்றிவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவில் புதியது ஏறுகிறது, குறியீட்டை அழிக்கிறார்கள், விளக்கும் அணைகிறது. இரண்டு வாரம் கழித்து அதே விளக்கு மறுபடி எரியும்போது, மாட்டிய சென்சார் டூப்ளிகேட் என்பார் ஒருவர். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்பார் இன்னொருவர். பழைய சென்சார் உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

மெதுவான ஆக்சிஜன் சென்சார் என்பது சோதித்து முடிவு செய்ய வேண்டிய கோளாறு. அதற்கான கருவியும் தகவலும் பயிற்சியும் திருவண்ணாமலை போன்ற ஊர்களின் சாதாரண ஷெட்களுக்குக் கிடைக்க வேண்டும். சோதிக்க ஆகும் நேரத்துக்கு வாடிக்கையாளர் கூலி கொடுக்க வேண்டும். இதைக் கார்க்காரர்களின் சொந்தச் செலவுக் கணக்காக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடக்கும் பக்தர்களும், அந்தப் பாதையோரத்தில் குடியிருக்கும் மக்களும் சுவாசிக்கும் காற்றும் இதில் அடங்கியிருக்கிறது.

சென்சார் செய்யும் வேலை

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிந்து தீர ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் மெக்கானிக் அதை ‘ரிச்’ என்பார், குறைந்தால் ‘லீன்’ என்பார். எரிந்து முடிந்த புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்தால் கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வேலையைத்தான் எக்ஸாஸ்ட் குழாயில் திருகியிருக்கும் இந்தச் சின்னச் சென்சார் செய்கிறது.

அதன் முனையில் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருள் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று படும், மறுபக்கம் புகை படும். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியதும், இரண்டு பக்கத்து ஆக்சிஜன் அளவுக்கும் உள்ள வித்தியாசம் சிறு மின்னழுத்தமாக வெளிப்படும். 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்த விதிதான் இதற்கு அடிப்படை. கலவை ரிச்சாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட் வரும். லீனாக இருந்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு இறங்கும். நடுக்கோடு 0.45 வோல்ட்.

வண்டியின் கம்ப்யூட்டரான இசிஎம் இந்த வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரிச் என்று தெரிந்தால் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். லீன் என்று தெரிந்தால் கூட்டும். அதனால் நல்ல நிலையில் உள்ள வண்டியில் இந்த சிக்னல் ஒரே இடத்தில் நிற்பதில்லை, மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குழம்பு கொதிக்கும்போது உப்புப் பார்ப்பவருக்கு ருசி ஐந்து நிமிடம் தாமதமாகத் தெரிந்தால் என்ன ஆகும்? போதவில்லை என்று இன்னொரு கல் உப்புப் போடுவார், அது தெரிவதற்குள் இன்னொரு கல் போடுவார், கடைசியில் தண்ணீரைக் கொட்டி விளாவுவார். மெதுவான சென்சாரை நம்பும் இசிஎம்மும் இப்படித்தான் அளவு தாண்டிக் கூட்டும், அளவு தாண்டிக் குறைக்கும்.

இதனால் முதலில் அடி வாங்குவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றும் வித்தை அதற்குத் தெரியும்; ஆனால் கலவை அந்த 14.7 என்ற அளவை ஒட்டி மிகக் குறுகிய எல்லைக்குள் ஊசலாடினால்தான். எல்லை தாண்டினால் ஏதாவது ஒரு நச்சு வாயு அப்படியே வெளியே போகும். அவற்றில் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. பக்கத்தில் நடப்பவருக்குத் தெரியவே தெரியாது.

1976இல் பாஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சார், அமெரிக்கச் சந்தைக்கான வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தபோதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு வழி பிறந்தது. ஈயம், கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் ஒருசேர நாசமாக்கும். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. 2010இல் தொடங்கி 2013இல் இரண்டாம் கட்டத்துக்கு வந்த ஓபிடி விதிகள், கார் தன் கோளாறைத் தானே கவனித்துக் குறியீடாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கின. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 மாசு விதிகள் இருசக்கர வாகனங்களையும் இந்த வட்டத்துக்குள் இழுத்துவிட்டன. இன்று கிரிவலப் பாதையில் டீக்கடை வாசலில் நிற்கும் புது மொபெட்டின் சைலன்சர் குழாயிலும் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது.

விளக்கு எப்போது எரிகிறது?

சென்சார் மெதுவாகிவிட்டதா என்ற சோதனையை இசிஎம் எந்நேரமும் செய்வதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறி, வண்டி ஏறத்தாழ ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தச் சோதனை நடக்கும். பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தேறாவிட்டால்தான் விளக்கு எரியும். அடி அண்ணாமலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் வரை வெளியே தெரியாத கோளாறு, திண்டிவனம் சாலையில் சீராக ஓடும்போது பிடிபடுவது இதனால்தான்.

சென்சாரை மாற்றியதும் விளக்கு அணைந்துவிட்டதே, கோளாறு தீர்ந்ததாகத்தானே அர்த்தம் என்று வாதிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறியீட்டை அழித்தால் பழைய சென்சாரே இருந்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும். சோதனைக்கு ஏற்ற ஓட்டம் மறுபடி அமையும் வரை அது எரியாது. உள்ளூரிலேயே சுற்றும் வண்டியில் அந்த ஓட்டம் அமைய வாரக்கணக்கில் ஆகலாம்.

அழிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. விளக்கு எரிந்த நொடியில் இன்ஜின் எத்தனை சூடாக இருந்தது, எத்தனை ஆர்பிஎம் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது என்பதையெல்லாம் இசிஎம் ஒரு படம்போலப் பதிந்து வைத்திருக்கும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்பார்கள். “முதல்ல லைட்டை அணைச்சுக் கொடுங்க, மத்ததைப் பிறகு பார்க்கலாம்” என்று வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால், மெக்கானிக்குக் கையில் இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடும்.

கெடுப்பது யார்?

சென்சார் தானாகவே மெதுவாவதும் உண்டு. வயது ஒரு காரணம். இன்ஜின் ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் முனையில் படியும். ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் உள்ளே கசிந்தால் அதிலுள்ள சிலிகேட் படியும். ரிச்சாகவே ஓடும் வண்டியில் கரி படியும். கேஸ்கெட்டுக்குத் தடவும் சாதாரண சிலிகான் பசைகூடச் சென்சாருக்கு விஷம். அதன் ஆவி இன்ஜினுக்குள் போய் எரிந்து, முனையில் கண்ணாடிப் பூச்சுபோல ஒட்டிக்கொள்ளும். சென்சாருக்கு ஆகாதது என்று குறிப்பிட்டு விற்கும் பசையும் இருக்கிறது, சென்சாருக்குக் கேடில்லாத பசையும் இருக்கிறது. டியூபின் மேல் உள்ளதைப் படிக்க வேண்டும்.

சிலிகான் எவ்வளவு மோசம் என்பதற்கு 2007 பிப்ரவரி இறுதியில் இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் நடந்தது சாட்சி. டெஸ்கோ, மோரிசன்ஸ் போன்ற சூப்பர் மார்க்கெட் பங்க்குகளில் பெட்ரோல் போட்ட ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே வாரத்தில் இழுவை குறைந்து, துடித்து, நின்றன. பணிமனைகளில் ஆக்சிஜன் சென்சார் கையிருப்பு தீர்ந்துபோனது. வழக்கமான தரச் சோதனைகளில் பெட்ரோலில் குறை தெரியவில்லை. தனியாகத் தேடிப் பார்த்தபோதுதான் அதில் சிலிகான் கலந்திருந்தது தெரிந்தது. எசெக்ஸில் உள்ள ஒரு சேமிப்புக் கிடங்குவரை தடம் போனது. அங்கே சென்சார் கெட்டதும் உண்மை, கெடுத்த காரணம் வேறிடத்தில் இருந்ததும் உண்மை. டேங்கில் அதே பெட்ரோலை வைத்துக்கொண்டு புது சென்சாரை மாட்டியிருந்தால் அதுவும் கெட்டிருக்கும்.

சென்சார் நன்றாக இருந்தும் மெதுவானதுபோலத் தோன்றும் சந்தர்ப்பங்கள் இதைவிட முக்கியம். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் புகை அடிக்கும் துடிப்புக்கு இடையில் வெளிக்காற்று உள்ளே இழுபடும்; சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும். இன்டேக் பக்கத்து வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தாலும், பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருந்தாலும், இன்ஜெக்டர் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தாலும் கலவை ஒரே பக்கமாகச் சாய்ந்து, சிக்னல் ஏறி இறங்குவது குறையும். சென்சாருக்குள் உள்ள ஹீட்டர் வேலை செய்யாவிட்டால், குறைந்த ஆர்பிஎம்மில் முனை போதிய சூடேறாமல் நல்ல சென்சாரும் மந்தமாகிவிடும். கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தாலும் இதே கதைதான். இவை அனைத்துக்கும் ஸ்கேனரில் பி0133 வரலாம். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஷெட்டில் செய்ய வேண்டியது

சோதனை ஒன்றும் மாயம் கிடையாது. ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விடை கிடைக்கும்.

குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. கூடவே வேறு குறியீடுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹீட்டர் சர்க்யூட்டைச் சுட்டும் பி0135 சேர்ந்து இருந்தால் முதலில் ஹீட்டர் பியூஸ், ஹீட்டர் வயர். லீன் என்று சொல்லும் பி0171 இருந்தால் முதலில் காற்றுக் கசிவும் பெட்ரோல் அழுத்தமும். எந்தச் சென்சார் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் கன்வெர்ட்டரைக் கண்காணிப்பதற்கு. அதன் சிக்னல் அதிகம் ஆடாமல் இருப்பதே நல்லது. கைக்கு எட்டுகிறது என்பதற்காக அதைக் கழற்றி மாற்றுவதும் நடக்கத்தான் செய்கிறது.

அடுத்து, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். மேனிஃபோல்டு கசிந்தால் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் வரும். சூடேறி உலோகம் விரிந்ததும் அடங்கிவிடும். கசியும் இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கும். சென்சார் வயர் எக்ஸாஸ்ட்டில் பட்டு உருகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்து சிக்னலைப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் பார்த்து முடிவு கட்டக் கூடாது. புகையின் ஓட்டமும் சூடும் அப்போது குறைவு. பத்து விநாடியில் எட்டு தடவைக்குக் குறையாமல் சிக்னல் நடுக்கோட்டைத் தாண்டினால் தேவலை என்பது அனுபவத்தில் வந்த கணக்கு.

இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர் செல்போனில் காட்டும் கிராஃப், விநாடிக்குச் சில தடவை மட்டுமே அளவெடுத்து வரைவது. பழைய கார்களில் அதுவும் குறையும். ஒரே நேரத்தில் ஏழெட்டு அளவுகளைத் திறந்து வைத்தால் இன்னும் குறையும். வேகமாக ஆடும் நல்ல சிக்னல் அந்தக் கிராஃபில் சோம்பேறித்தனமாக ஏறி இறங்குவதாகத் தெரியும். மெதுவாக இருப்பது கருவி. பழி சென்சார் மேல். அந்த ஸ்கேனர் குறியீட்டைப் படிக்கப் போதும், வேகத்தை அளக்கப் போதாது. சிக்னலை அலைவடிவமாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முனையைச் சென்சாரின் சிக்னல் வயரிலேயே செருகிப் பார்ப்பதுதான் சரியான வழி.

ஆசிலோஸ்கோப் மாட்டிய பிறகு சென்சாரைச் சீண்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விட்டால் கலவை ஒரு கணம் ரிச்சாகும், சிக்னல் 0.8 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டால் லீனாகும், 0.2 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவ 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. சீண்டியதும் சென்சார் துள்ளிக் குதித்தால் அது நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறை இன்ஜினில் தேட வேண்டும். சீண்டியும் சாய்வாக, தயங்கித் தயங்கி ஏறினால், ஹீட்டருக்கு மின்சாரமும் வயருக்கு எர்த்தும் சரியாக இருந்தால், அப்போது சென்சாரை மாற்றலாம். அதற்கு முன் ஆயில் எரிகிறதா, கூலன்ட் குறைகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் முன் சென்சார் ‘வைட்பேண்ட்’ வகை. அது ஊசலாடாது; கலவையின் அளவை மின்னோட்டமாகச் சொல்லும். அதில் 0.1, 0.9 வோல்ட் தேடினால் நல்ல சென்சாரும் செத்ததாகத் தோன்றும். எந்த மாடலில் எந்த வகை என்ற தகவல் மெக்கானிக் கையில் இருந்தாக வேண்டும்.

எத்தனால் மேல் பழி

இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு எந்தக் கோளாறுக்கும் அதைக் காரணம் சொல்வது எளிதாகிவிட்டது. கணக்கைப் பார்க்கலாம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும், 14.7க்குப் பதிலாக 9. இ20 கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்குச் சுமார் ஒன்பது சதவீதம் கூடுதலாக எரிபொருள் தேவை. கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த பழைய காரில் சென்சார் ‘லீன்’ என்று சொல்லும், இசிஎம் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து சரிக்கட்டும். அப்படிக் கூட்டியது எவ்வளவு என்பது ஸ்கேனரில் ‘ஃபியூல் டிரிம்’ என்ற பெயரில் சதவீதமாகத் தெரியும்.

ஆகவே பழைய காரில் டிரிம் எட்டு, ஒன்பது சதவீதம் கூடியிருந்தால் அது எத்தனாலின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இருபதுக்கு மேல் போயிருந்தால் எத்தனாலோடு சேர்ந்து வேறு ஏதோ கோளாறும் இருக்கிறது. எத்தனால் கலந்ததால் மட்டும் சென்சாரின் வேகம் குறையாது. எரிபொருள் கொள்கை மீது மக்களுக்குள்ள நியாயமான கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணைப் பார்க்காமல் சொல்லும் புகார் அந்தக் கேள்விகளையே பலவீனமாக்கும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

“சென்சார் ஏற்கெனவே பழசு. ஒரு மணி நேரம் மெனக்கெட்டுச் சோதிப்பதற்கு மாற்றிவிடுவதே மலிவு” என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய சென்சார் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தவிர, சோதித்ததற்கென்று யாரும் அவருக்குப் பத்து பைசா தருவதில்லை. பார்ட்ஸ் மாற்றினால்தான் பில் போட முடியும் என்ற நிலையில் அவரை நிறுத்தி வைத்திருப்பது வாடிக்கையாளர்தான். ரத்தப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கொடுக்கத் தயங்காத குடும்பம், “சும்மா பார்த்ததுக்கு எதுக்குக் காசு?” என்று ஷெட்டில் கேட்கிறது. அந்தக் கூலியை மனமுவந்து கொடுத்தால், தேவையில்லாத சென்சாருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும்.

அடுத்த பொறுப்பு கார் நிறுவனங்களுடையது. கார் உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல், தனியார் ஷெட்களை ஓரங்கட்டியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் ஆணையம் சுட்டிக்காட்டிய குறை ஷெட்களில் இன்னமும் உணரப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்தே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்துக்கு வழி செய்தார்கள். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது; வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. அந்தத் தளம் பில்லும் வாரன்டி விவரமும் வைத்திருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாடலின் வயரிங் வரைபடம், சென்சாரின் வகை, ஹீட்டரின் ஓம் அளவு, சரியான சிக்னலின் படம் ஆகியவை அதில், மெக்கானிக் படிக்கக்கூடிய தமிழில், கட்டாயமாக வர வேண்டும்.

மாநில அரசு ஏற்கெனவே ஒரு பெரிய வேலையைச் செய்திருக்கிறது. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றத் தொடங்கியது. அங்கே உள்ள கருவிகளும் ஆசிரியர்களும் பகலில் மாணவர்களுக்குப் பயன்படட்டும். மாலையில் இரண்டு மணி நேரம், ஏற்கெனவே ஷெட் நடத்தும் மெக்கானிக்குகளுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். இருபது வருடமாக கார்பரேட்டரைக் காதாலேயே ட்யூன் செய்தவருக்கு ஆசிலோஸ்கோப் பழக ஒரு வாரம் போதும். இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அலைவடிவத்தைப் படிக்கும் பழக்கம் மட்டும் அதோடு சேர வேண்டும். திருவண்ணாமலை, செங்கம், போளூர் பகுதி மெக்கானிக்குகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு நல்ல ஸ்கோப்பை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வதும் சாத்தியமே.

புகைச் சான்றிதழ் மையங்களையும் இதில் சேர்க்கலாம். பிஎஸ்-4 முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு, 2,500 ஆர்பிஎம்மை ஒட்டிய வேகத்தில் கார்பன் மோனாக்சைடோடு ‘லாம்டா’ அளவையும், அதாவது கலவையில் உள்ள காற்றுக்கும் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதத்தையும், பார்க்க வேண்டும் என்பது விதி. 0.97க்கும் 1.03க்கும் இடையில் அது இருக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாரின் நிலையை மறைமுகமாகச் சொல்லும் எண் அது. சான்றிதழை மடித்துக் கையுறைப் பெட்டியில் போடும் முன் அந்த எண்ணைப் படித்து, போன வருடத்து எண்ணோடு ஒப்பிட்டால், விளக்கு எரிவதற்கு முன்பே பல கோளாறுகள் பிடிபடும். வண்டியைச் சரியாகச் சூடேற்றாமல், ஆர்பிஎம் பிடிக்காமல் அச்சிட்டுத் தரும் சான்றிதழில் இது நடக்காது. போக்குவரத்துத் துறை கண்காணிக்க வேண்டிய இடம் இது.

பௌர்ணமி தோறும், குறிப்பாகக் கார்த்திகை தீபத்தின்போது, ஊருக்கு வெளியே தற்காலிக வாகன நிறுத்தங்களில் ஏராளமான கார்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. மாவட்ட நிர்வாகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஐடிஐ மாணவர்களை வைத்து அங்கே ஓர் இலவசச் சோதனை முகாம் நடத்தலாம். மஞ்சள் விளக்கு எரியும் வண்டிக்குக் குறியீடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், ஃபியூல் டிரிம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எதையும் அழிக்காமல், ஓட்டுநர் கையில் கொடுத்தால் போதும். சொந்த ஊருக்குத் திரும்பியதும் அவர் தன் மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் காட்டுவார். மாணவர்களுக்கு ஒரே இரவில் ஒரு வருடத்துப் பாடம் கிடைக்கும். ஆட்சியரின் ஒரு உத்தரவும், பத்து ஸ்கேனரும் இருந்தால் வரும் தீபத்திலேயே தொடங்கிவிடலாம்.